சுரங்கத்தின் அந்தப் பக்கம்

"யோசிக்காம 'எஸ்'னு அடிங்கம்மா. வெளியில இன்னும் ஆளுங்க காத்துட்டிருக்காங்க" என்றார் மேனேஜர்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வு. இந்த லேப்டாப்பிலிருந்து, எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் இணையத்துக்குள்ளேயே பாதுகாப்பான சுரங்கவழி போட்டு உள்ளே நுழைந்து காட்ட வேண்டும். அவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. ஆனால் முதல் கட்டளையைத் தட்டியதுமே கறுப்புத் திரையில் எச்சரிக்கை: 'சர்வரின் அடையாளச் சாவி மாறியிருக்கிறது. நடுவில் யாரோ ஒட்டுக்கேட்கலாம்!'

"சர்வரைப் புதுசா மாத்தினீங்களா சார்?"

"இல்லையே."

"அப்புறம் சாவி எப்படி மாறும்? சர்வர் ரூமுக்கு ஒரு போன் போட்டு விசாரிச்சிடலாமா?"

"என்னம்மா, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி விசாரிக்கணும்ங்கறீங்க! பழைய சாவியை அழிச்சிட்டு, 'எஸ்' அடிச்சு, நான் குடுத்த பாஸ்வேர்டைப் போடுங்க. காலையிலேர்ந்து வந்த எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

வேலை போய் எட்டு மாதம். இன்றும் வெறுங்கையோடு போனால் அண்ணி வாயைத் திறக்க மாட்டாள், பாத்திரங்கள் பேசும். அவள் விரல் விசைக்கு மேலே தயங்கி நின்றது.

"வேணாம் சார். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்காங்கன்னே தெரியாம பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுக்க மாட்டேன். வேலை கிடைக்காட்டி போகுது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உட்காருங்கம்மா! அது நான் வைக்கச் சொன்ன பொறி. போலி சர்வர் ஒண்ணை நடுவுல வைங்கன்னு நேத்தே எங்க இன்ஜினியர்கிட்ட சொல்லியிருந்தேன். எல்லாரும் விழுந்தாங்க, நீங்க ஒருத்தர்தான் தப்பிச்சீங்க. காலையில நானே என் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். அசல் தோத்துடும், போங்க! நாளைக்கே வேலையில சேர்ந்துடுங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சிரைக்க உள்ளே வந்தார் இன்ஜினியர்.

"மன்னிச்சிடுங்க சார், வழியில வண்டி பஞ்சர். இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சிடலையே? அந்தப் பொறியை நான் இனிமேதான் சார் வைக்கணும்!"