நாற்பதைத் தாண்டாத வண்டி

வேலுவின் வண்டி நாற்பதைத் தாண்ட மறுத்தது.

பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. ரோட்டிலும் ஓட வேண்டும், மேட்டிலும் ஏற வேண்டும் என்று அதற்கு அவன் செய்யாதது இல்லை. சைலன்சரைத் தூக்கிக் கட்டினான். கட்டை வைத்த டயர் போட்டான். ஹேண்டில்பாரை அகலமாக்கினான். முன் மட்கார்டை ஒரு சாண் உயர்த்தினான்.

எல்லாம் தெள்ளார்ப் பக்கத்து ஏரி வண்டிப் பந்தயத்துக்கு. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் நடக்கும். போன வருஷமும் போனான். கரையிலிருந்து உருண்டு, மண்டையில் தையலோடு ஆரணி திரும்பினான்.

இந்த வருஷம் ஜெயித்தே ஆக வேண்டும். வண்டிதான் ஒத்துழைக்கவில்லை.

"டேய் குப்பு! இது வண்டியா, தறியா? நின்ன எடத்துலயே சத்தம் மட்டும் போடுது!"

வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் குப்புராஜ் தலையைச் சொறிந்தான்.

"பிளக்கு மாத்திட்டேண்ணா. பாயின்ட்டு பார்த்துட்டேன். கார்புரேட்டர கழுவிட்டேன்."

"நீ கழுவிகினே இரு. பந்தயம் முடிஞ்சிடும்."

"புது டயரு இழுக்குதுண்ணா. கொஞ்ச நாள் ஓடட்டும்."

வாராவாரம் இதே பதில். வேலுவுக்குப் பொறுமை கிடையாது. தறியில் நெய்ய உட்கார்ந்தாலும் கால் கிக்கரைத்தான் தேடும்.

"வேலை தெரியாத பய!" தெருவுக்கே கேட்கக் கத்துவான்.

ராட்டையில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருக்கும் அவன் மனைவி ராஜம்மாள் எழுந்து வந்து, திட்டு வாங்கியவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பாள். வண்டியை அவன் பூட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"இவனுக்கு மோரு ஒரு கேடா?"

"வெயில்ல வேலை செய்யுது அந்தப் புள்ள. பேசாம இருங்க."

"புருஷன் வண்டிய அவன் நாசம் பண்ணிகினு கீறான். நீ உபசாரம் பண்ணிகினு கீற!"

ராஜம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். ராட்டைக்குத் திரும்பினாள்.

பேச்சு தெருவில் பரவியது. குப்புராஜுக்குத் தொழில் தெரியாது என்றார் எதிர்வீட்டு எல்லப்பன். தெரியும், வேண்டுமென்றே கெடுக்கிறான், அப்போதுதானே வாராவாரம் வேலை என்றார் அவர் தம்பி. குப்புராஜின் கடைக்கு வந்த வண்டிகள் குறைந்தன. ஒருநாள் ஒன்றுமே வரவில்லை.

குப்புராஜ் வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை. தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். குப்புராஜ் ஓடி வந்தான். இரண்டு கையிலும் மகள் பாஞ்சாலை. அவள் கால் வீங்கியிருந்தது.

"அண்ணா! கொல்லையில பாம்பு கடிச்சிடுச்சு. இங்க ஆஸ்பத்திரில மருந்து இல்லையாம், வேலூர் போவச் சொல்றாங்க. பஸ்ஸு இப்பத்தான் போச்சு."

"பாவி! வண்டிய நொண்டியாக்கி வெச்சிட்டு அதையே கேக்கறியா? நாப்பதுல உருட்டிகினு நாம எப்போ வேலூர் போயி சேர்றது?"

குப்புராஜ் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தான்.

வேலு சட்டையும் சாவியும் எடுக்க உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது ராஜம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜல்தி கெளம்புங்க!"

பாவு நீட்டிய தெருவில் யாரும் வண்டி விடுவதில்லை. இழை அறுந்தால் பிழைப்பு அறுந்தது. அன்று பாவுக்காரர்களே அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து வழி விட்டார்கள்.

ரோட்டில் ஏறியதும் வேலு முறுக்கினான். வண்டி பாய்ந்தது. ஐம்பது. அறுபது. கண்ணமங்கலம் தாண்டும்போது முள் எண்பதைத் தொட்டது.

வேலூரில் ஊசி போட்டார்கள். மத்தியானம் பாஞ்சாலை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பயமில்லை என்றார் டாக்டர்.

அதன்பிறகுதான் வேலு ஆஸ்பத்திரி வாசலில் குப்புராஜின் சட்டையைப் பிடித்தான்.

"உன் பொண்ணுக்குன்னா மட்டும் ஓடுதா? இத்தினி மாசம் என்னை ஏமாத்திகினு இருந்தியா? எப்படா சரி பண்ண?"

"நான் எங்கண்ணா பண்றது? ரெண்டு கையிலயும் கொழந்த இருந்துச்சே."

வேலுவின் பிடி தளர்ந்தது. ஆமாம், இருந்தது.

குப்புராஜ் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அரை விரல் நீள நாணல் குழல். ஊடை நூல் சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நறுக்கிய துண்டு. நெடுக்கப் பிளந்திருந்தது. பெட்ரோலில் ஊறிக் கறுத்திருந்தது.

"கார்புரேட்டருக்குள்ள, ஆக்சிலேட்டர் ஒயரு மேல மாட்டியிருந்துச்சுண்ணா. எவ்ளோ முறுக்கினாலும் பாதிக்கு மேல தூக்காது. தைமாசமே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு சும்மா மூடினியா? ஊரே உன்னைத் துப்புச்சேடா!"

"'உங்க அண்ணன் மண்டையில இன்னொரு தையலுக்கு எடமில்ல தம்பி, பந்தயம் முடியட்டும்'னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சரின்னுட்டேன். வாக்கு குடுத்துட்டு நானே எப்டிண்ணா எடுக்கறது?"

வேலு குழலைப் புரட்டினான். பிளவில் ஓர் இழை சிக்கியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் அவன் தறியில் நெய்து இறக்கிய சேலையின் அரக்குச் சிவப்பு.

"அப்போ இன்னிக்கு எடுத்தது?"

"போட்டவங்கதாண்ணா, எடுத்து என் பையில சொருகிட்டாங்க. நம்ம ராஜம்மாக்கா."