லெஸ் மாட்டிய சென்சார்

"இந்த சென்சாரை மாட்டின மடையன் எவன்?"

கேட்ட டாரிலுக்குத் தெரியாமல் இல்லை. மாட்டியவர் லெஸ். அவர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவருடைய மனைவி மார்லீன் பட்டறை வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் சட்டென்று மார்லீனைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்திரேலியாவில், செடூனா என்கிற கடலோர ஊரில், டாரிலின் பட்டறையில் பதினாலு வருடமாக டெலிபோன் எடுக்கிறவள் நான். எந்த வண்டி வந்தாலும், அதைக் கடைசியாகத் தொட்டவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் டாரில் ஸ்பேனரை எடுப்பான். எல்லா மெக்கானிக்குக்கும் உள்ள வியாதிதான், இவனுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. ஆனால் செத்தவரை, அதுவும் பெண்டாட்டி காதுபட அவன் திட்டி நான் கேட்டதில்லை.

மார்லீனின் கார் இருபத்தாறு வருடப் பழசு. சைலன்சர் குழாயில் இருக்கிற சென்சார் கெட்டுப்போய், வண்டி இருமிக்கொண்டே பெட்ரோலைக் குடித்தது. சென்சாரை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அது குழாயோடு குழாயாகத் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பலமாகத் திருப்பினால் குழாயின் மரையும் சேர்ந்து பிய்ந்துவிடும். வெல்டிங் வைக்கலாம் என்றால் குழாய் அதைத் தாங்காது. அந்த மாடலுக்கு வேறு குழாயும் கிடைப்பதில்லை.

அடிலெய்டில் இருக்கிற அவர் மகன் பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை காரை அள்ளிப்போக லாரி வரும். அதற்குள் சென்சார் நல்லபடியாகக் கழன்றால்தான் கார் மார்லீனுக்கு மிஞ்சும். லெஸ் கடைசிவரை ஓட்டிய கார் அது.

வேலையை மட்டும் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். சென்சாரைச் சுற்றியிருந்த இரும்பை மட்டும் டாரில் தீயில் சிவக்கக் காய்ச்சினான். ஆறவிட்டு எண்ணெய் விட்டான். ஸ்பேனரைப் போட்டு ஒரு நூல் அளவு திருப்பினான். கிரீச்சென்று சத்தம் வந்ததும் நிறுத்தி, வந்த வழியே திரும்ப முடுக்கினான். மறுபடி எண்ணெய், மறுபடி தீ. காலை எட்டு மணியிலிருந்து இதேதான். நூறு கிலோ ஆள், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

வாய்தான் ஓயவில்லை.

"ரொட்டியில வெஜிமைட்டை அரை இஞ்சுக்கு அப்பத் தெரியும். மரையில ஒரு சொட்டு கிரீஸ் தடவத் தெரியாது இந்த லெஸ் பயலுக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "காருக்குப் பின்னால கட்டின படகைத் தண்ணியில இறக்குடான்னா காரையே கடல்ல குளிப்பாட்டியிருக்கான். சைலன்சருக்குள்ள மீன் புடிக்கலாம்னு நெனச்சானோ என்னவோ."

மார்லீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து டாரிலிடம் போனேன்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அந்தம்மா உக்காந்திருக்காங்க."

"தெரியும்." அவன் நிமிரக்கூட இல்லை. "இவனுக்கு ஸ்பேனரை வித்தவனைப் புடிச்சு ஜெயில்ல போடணும்." அதையும் சத்தமாகத்தான் சொன்னான்.

மார்லீனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வாருங்கள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், முடிந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, நாற்காலியை இன்னும் உள்ளே நகர்த்திப் போட்டுக்கொண்டார். பாவம், துக்கத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு சென்சார் கழன்று டாரிலின் உள்ளங்கையில் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். குழாயில் ஒரு மரைகூடச் சிதையவில்லை. புது சென்சாருக்கு கிரீஸ் தடவி, விரலாலேயே சுற்றி உள்ளே இறக்கினான். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. அப்படியொரு கைப்பக்குவத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனாலும் என் கோபம் தணியவில்லை.

மார்லீன் மகனைக் கூப்பிட்டு லாரி வேண்டாம் என்றார். அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து பக்கத்தில் போனேன்.

"மன்னிச்சிடுங்க மார்லீன். இவ்வளவு மோசமா அவன் பேசி நான் பார்த்ததில்ல."

"அவனை ஒண்ணும் சொல்லாதே கெய்லீன். நேத்து ராத்திரி நான்தான் அவன் வீட்டுக்குப் போன் பண்ணிக் கெஞ்சினேன்."

"என்னன்னு?"

"லெஸ்ஸைத் திட்டச் சொல்லி."

மார்லீன் கைக்குட்டையை எடுத்தார். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. கண்ணிலும் தண்ணீர்.

"முப்பது வருஷமா ரெண்டு பேரும் எங்க வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு, அப்புறம் ஒண்ணா மீன் புடிக்கப் போவாங்க. அவர் போனதுலேருந்து ஊரே கேக்கைத் தூக்கிட்டு துக்கம் விசாரிக்க வந்து, தங்கமான மனுஷன், தெய்வம் மாதிரின்னு மெதுவாப் பேசிட்டுப் போகுது. அது யாருன்னே எனக்குத் தெரியலம்மா. நான் கட்டிக்கிட்ட ஆளைப் பத்தி இன்னைக்குத்தான் ஒருத்தன் பேசினான்."

டாரிலைத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது மூக்குவரை கறுப்பாகியிருந்தது.

மார்லீன் அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"பிரேக்கும் அவர் மாட்டினதுதான் டாரில். அடுத்த வாரம் எடுத்துட்டு வரேன்."