கட்டைவிரல் அசையும் வரை

கட்டைவிரல் இன்னும் அசையவில்லை.

வலது கால் கட்டைவிரல். நடுக்குவாத மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் முதலில் அசைவது அதுதான். பிறகு பாதம், தோள், கழுத்து. பிறகு உடம்பு முழுக்கத் தன்னிஷ்டத்துக்கு ஆடும். ஆடும்போதுதான் அவளுக்குப் பேச்சும் வரும்.

மாத்திரை இல்லையென்றால் ஆட்டம் இல்லை. பேச்சும் இல்லை. உட்கார வைத்த இடத்தில் கல்.

ஆட்டம் குறைய, வேளைக்குக் கால் மாத்திரை குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் குமரகுரு இன்று மதிய மாத்திரையையே நிறுத்திவிட்டான். மேடையில் ஆடினால் அசிங்கமாம்.

முப்பத்தோரு வருடம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவள். பெற்ற பிள்ளையின் அளவு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாண மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

நயினார் மகாலின் பன்னிரண்டாம் ஆண்டு விழா. ஓய்வுபெற்ற சர்வேயர் அம்மாவுக்குப் பாராட்டு. பாராட்டுகிறவர் மகாலின் உரிமையாளர் ஆறுமுகநயினார்.

வாய்க்காலை மூடிக் கட்டிய மகால் இது. அதை அளந்து எழுதியவள் அவள். எழுதிய கோப்பு எங்கே போயிற்று என்று கேட்டுக் கேட்டே ஓய்வு வயது வந்துவிட்டது.

அதுவரை அவளைக் கண்டால் தெரு மாறிப் போன மனிதர், அவளுக்குப் பேச்சு நின்று நின்று போகிறது என்று கேள்விப்பட்டதும் பொன்னாடையோடு வீட்டுக்கே வந்தார். அளந்தவளே மேடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதைவிட நல்ல பத்திரம் வேறென்ன வேண்டும்?

குமரகுரு பூரித்துப் போனான். வந்தவருக்கு இரண்டு தடவை காபி கொடுத்தான்.

நாலரை மணிக்குப் புடவை கட்டிவிட வந்த மருமகள் தேன்மொழி, கதவைச் சாத்தினாள். மாத்திரையை அவள் நாக்கில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள்.

“நாப்பது நிமிஷம் ஆகும் அத்தை. அதுவரைக்கும் எதைக் குடுத்தாலும் வாயத் திறக்காதீங்க.”

இப்போது மணி ஐந்து.

பாதாம் பால் வந்தது. பால் உள்ளே போனால் மாத்திரை இன்னும் தாமதமாகும். குமரகுரு டம்ளரை உதட்டில் வைத்து அழுத்தினான். அவள் வாயைத் திறக்கவில்லை. முடியாததால் அல்ல.

அம்மாவுக்கு இன்று விரதம் என்று சமாளித்தான். ஆறுமுகநயினார் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முன்வரிசையில் பின்தெருக்காரர்கள். போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். அந்தத் தண்ணீர் ஏன் வந்தது என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றவில்லை. கைதட்டினார்கள். சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது.

ஆறுமுகநயினார் பேசத் தொடங்கினார்.

பேசி முடித்ததும் மைக்கை அவள் வாயருகே பிடிப்பார். அப்போது படம் எடுக்க வேண்டும் என்று போட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார். கல்லுக்குக் காது எதற்கு?

அந்த ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு எந்த மைக்கும் அவள் பக்கம் வரப்போவதில்லை.

ஊரில் எந்த மைக்கையும் அவர் லேசில் விட்டதில்லை. இழவு வீட்டில் முக்கால் மணி நேரம் பேசியவர். அவர் எழுந்தாலே அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். இன்று, பேசு, பேசித் தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். போயும் போயும் இந்த ஆளிடம் கெஞ்சும்படி ஆயிற்றே.

மணி ஐந்து ஐந்து.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குப் பகீரென்றது.

நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்வதாக அறிவித்தார்.

கூட்டம் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தது. இனி கால் மணி நேரத்துக்குக் குறையாது என்று ஊருக்கே தெரியும். முதல் தடவையாக அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் நன்றி வந்தது.

அவர் பிறந்த கதை. முதல் லாரி வாங்கிய கதை. மகாலுக்கு அஸ்திவாரம் போட்ட அன்று கருடன் வட்டமிட்ட கதை.

அப்புறம் அம்மாவின் அமைதி. கோவில் சிலையைப் போல எப்படி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள் என்றார்.

கட்டைவிரல் அசைந்தது.

புடவைக் கரைக்குள் பாதம் முறுக்கிக்கொண்டது. தோள் ஏறி இறங்கியது. கீழே குமரகுரு பாதி எழுந்தான். கூட்டத்தைப் பார்த்து நின்றவருக்கு எதுவும் தெரியவில்லை. போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் பக்கம் குனிந்து மைக்கை நீட்டினார்.

அவள் இடது கை வீசியதில் அவர் கண்ணாடி பறந்தது.

வலது கை மைக்கை இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

ஆறுமுகநயினார் பின்வாங்கினார். குமரகுரு மேடைக்கு ஓடிவந்து மூன்றடி தள்ளியே நின்றுவிட்டான். அவள் இடுப்பு வளைந்தது, தலை சுழன்றது, கை காற்றில் வீசிக்கொண்டே இருந்தது. அந்தக் கைக்குப் பக்கத்தில் வர ஓர் ஆம்பிளைக்கும் துணிவில்லை.

இதைத்தான் குறைக்கப் பார்த்தார்கள்.

குரல் கம்மியிருந்தது. பரவாயில்லை. நயினாருடைய மைக், நல்ல மைக்.

“சர்வே நம்பர் நானூத்திப் பன்னெண்டு,” என்றாள். “வாய்க்கால். அகலம் பதினெட்டு அடி. நான் உக்காந்திருக்கேனே, இது நடு வாய்க்கால்.”

முன்வரிசை குனிந்து தன் காலடியைப் பார்த்தது.