சுவருக்குக் கீழே

தடுப்பணைக்கு மேலே ஒரு விரால் மீன் வாழ்ந்தது. அங்கே தண்ணீர் நிறைந்து நின்றதால் சுவர் விரலளவே தெரிந்தது. கீழே நீர் வற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்த கெண்டை மீன் தினமும் எம்பி எம்பி விழுந்தது.

“சோம்பல்படாமல் குதி, தங்கச்சி,” என்றது விரால்.

ஒருநாள் புதுவெள்ளம் வந்தது. குஷியில் துள்ளிய விராலை நீர் கீழே தள்ளிவிட்டது. அது நிமிர்ந்து சுவரைப் பார்த்தது.

“இவ்வளவு உயரமா?”

“வெள்ளத்தால் இன்றைக்குப் பாதிதான் அண்ணே. வாங்க, எம்பலாம்,” என்றது கெண்டை உற்சாகமாக.

கெண்டை மேலே போய்ச் சேர்ந்தது. விரால் விழுந்தது. உடனே கெண்டை மேலிருந்த மீன்களைக் கூட்டி, சுவரிலிருந்த மதகை அடைத்திருந்த குப்பையை முட்டித் தள்ளியது. சின்னதாக ஒரு வழி திறந்தது. கீழே எத்தனையோ மீன்கள் நெருக்கியடித்து நின்றன. அந்த வழியே முதலில் ஏறி வந்த விரால், மூச்சுகூட வாங்காமல் திரும்பி, வழியை அகலமாக்கத் தானும் முட்டத் தொடங்கியது.