மூக்கு மாஸ்டர்

கியர் பாக்ஸிலிருந்து வடித்த எண்ணெய் தட்டில் கிடந்தது. அதில் இரும்புத்தூள் மினுமினுத்தது.

மைதான மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மாஸ்டர், நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க. இது என்ன ஆயில்?"

ஷெட்டில் இருந்தவர்கள் தட்டைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

பெரிய புல்வெட்டும் மிஷின் காலையில் மைதானத்தின் நட்டநடுவில் அலறிக்கொண்டே நின்றுவிட்டது. பேரிங் பழுக்கக் காய்ந்து, பல்சக்கரம் கடித்து, பத்தடி நீளத்துக்குப் புல்லைப் பெயர்த்துப் போட்டிருந்தது. நாளைக்கு மேட்ச்.

மூக்கு மாஸ்டர் அவசரப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த மைதானத்தில் அவர்கள் வீட்டுக் கை பட்ட மிஷின் இதற்கு முன் நின்றதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்ததைத் தவிர, அவரும் லீவு என்று வீட்டில் உட்கார்ந்ததில்லை.

அலமாரியில் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்று கியர் ஆயில், மற்றது இன்ஜின் ஆயில். கியர் பாக்ஸில் இன்ஜின் ஆயில் போனால் பல்சக்கரம் தாங்காது. ஒரே அளவு, ஒரே நிறம், விரலில் தொட்டால் ஒரே கனம். லேபிள்கள் கிரீஸில் ஊறி எப்போதோ உரிந்துவிட்டன. கியர் ஆயிலில் மட்டும் அழுகின முட்டை நாற்றம் வரும். அதுதான் அடையாளம்.

இரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணமாகி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாஸ்டரின் மருமகன் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி வந்தான். ஒரு டின்னில் கோடு போட்டுவிடலாமே என்றான்.

"மூக்கு இல்லாதவனுக்குத்தான் மாப்ளே பெயிண்ட்" என்றார் மாஸ்டர். ஷெட்டே சிரித்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துக் கொடுப்பவர் மாஸ்டர் மட்டும். ஊற்றுகிறவன் மருமகன். மூன்று வாரத்துக்கு முன் பெரிய மிஷினுக்கு எண்ணெய் மாற்றியபோதும் அப்படித்தான்.

மாஸ்டர் இரண்டு விரலைத் தட்டில் நனைத்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"கோர்ட்டு கூடிடுச்சு" என்று முணுமுணுத்தார் ரோலர் ஓட்டுகிறவர்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அந்த விரல்களை மருமகனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நான் சொன்னா, மாமனார் பழி போடுறார்னு நாலு பேர் பேசுவாங்க. உன் வாயாலயே சொல்லு."

மருமகன் முகர்ந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதைப் பார்த்துத்தான் அவர் பெண்ணைக் கொடுத்தார்.

"நாத்தமே இல்ல மாமா. இன்ஜின் ஆயில்."

"கேட்டுக்கிட்டீங்களா சார்?"

"ஆனா மாமா... டின்னை நீங்கதானே எடுத்து..."

"நான் எடுத்துக் குடுத்தது கியர் ஆயில். அதைக் கீழ வச்சிட்டு நீ பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கப் போனே. திரும்பி வந்து எதைத் தூக்கினியோ! ஊத்தும்போது நாத்தம் வரலையேன்னு தோணல?"

"தோணுச்சு. நீங்க பாத்துக் குடுத்ததாச்சேன்னுதான்..."

பாதியில் நிறுத்திவிட்டான். அந்த மூக்கு தப்பியதை யாரும் பார்த்ததில்லை. தப்பியது கையாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப நான்தான் மாத்தி எடுத்திருப்பேன்" என்றான் மெதுவாக.

மேனேஜர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "சரி, மேட்ச் முடியட்டும், பாத்துக்கலாம்."

"எதுக்கு சார் முடியணும்? இப்பவே அனுப்புங்க. எங்க வீட்டு ஆளுன்னு சொல்லிக்கிற யோக்கியதை இவனுக்கு இல்ல."

அத்தனை பேர் முன்னிலையில் மகளுக்குப் போன் போட்டார். "உன் புருஷன் வர்றான். அவன் துணிமணியை எடுத்து வெளிய வை. கூடப் போறதா இருந்தா உன்னோடதையும் சேத்து வை." அவள் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டார்.

மருமகன் கையைத் துடைத்தான். துடைத்த துணியை மடித்து வைத்தான். கிரீஸ் கன்னை அதன் ஆணியில் மாட்டினான்.

"வர்றேன் மாமா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் வாசலில் நின்றார். "அந்தச் சின்ன மிஷினுக்கும் கியர் ஆயிலை மாத்திடுங்க மாஸ்டர். நாளைக்கு அதுதான் ஓடணும். நீங்களே ஊத்துறதுன்னா எனக்குக் கவலையில்ல."

"அரை மணி நேர வேலை சார். நீங்க போங்க."

எல்லோரும் போன பிறகு ஷெட் கதவைச் சாத்தினார். இரண்டு டின்களையும் இறக்கி மூடிகளைத் திறந்தார். ஒன்றில் முகர்ந்தார். மற்றதில் முகர்ந்தார். மறுபடியும் முதல் டின்னில், மூக்கு நுனியில் எண்ணெய் ஒட்டும்வரை.

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து எப்படியோ, இன்றும் அப்படியே. எதிலும் ஒரு நாற்றமும் இல்லை.

பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். சிவப்பு பெயிண்ட் டப்பா அங்கேயேதான் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். பிரஷை நனைத்தார்.

பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. எந்த டின்னில் கோடு போடுவது என்று கேட்க, ஷெட்டில் ஆள் இல்லை.