கேள்வி கேட்கிறவர்

"இஞ்சை பாரும் தேவி, நான் இப்ப உம்மடை மனிசன் இல்லை. சோதினை எடுக்க வந்த பெரிய ஆள். நிமிந்து இரும்!"

சிறிதேவி தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோர்வேயில், ரொம்சோஸ் பகுதி வீட்டுச் சமையலறை மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் வணிகக் கல்லூரியில் அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. பகலில் முதியோர் இல்ல வேலை, மாலையில் முதுகலைப் படிப்பு என்று ஓடியதெல்லாம் இதற்காகத்தான். டிசம்பரில் பரீட்சகர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவளுக்கு வாயே திறக்கவில்லை. இன்றும் தவறினால் பட்டம் இல்லை.

"முதல் கேள்வி. உம்மடை கல்லூரி எப்பிடித் தொடங்கினது?"

"ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோடை. ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலை வாடகை அறை எடுத்து, வேலை செய்யிற ஆக்களுக்குப் பின்னேர வகுப்பு."

"பிறகு ஏன் கடகடவெண்டு வளந்தது? ஐம்பதுகளிலை எல்லாருக்கும் திடீரெண்டு படிப்பிலை ஆசை வந்திட்டுதோ?"

"இல்லையப்பா. தொழிற்சாலையள் திரும்பத் திறந்தது, கப்பல் கொம்பனியள் பெருகினது. கணக்கெழுத ஆள் இருந்தது, நடத்த ஆள் இல்லை. கல்லூரியிலை கதிரை காணாமல் பெடியள் சன்னல் கட்டிலை இருந்து படிச்சவங்கள்."

"பெம்பிளையள்?"

"ஒண்டு ரெண்டு பேர்தான். மிச்சப் பேர் வீட்டிலை இருந்து, புருசன்மாரின்ரை கட்டுரையைத் தட்டச்சடிச்சுக் குடுத்தவை."

"இஞ்சை மாறி நடந்தது, என்ன? உம்மடை கட்டுரையை ஒற்றை விரலாலை அடிச்சுத் தந்தவன் நான்."

"அதிலை பிழை திருத்தின பாடு எனக்கெல்லோ தெரியும்!"

"சரி, அடுத்தது. படிப்பிக்கிற விதம் மாறினதைச் சொல்லும்."

டிசம்பரிலும் சிறிதேவி இந்தக் கேள்வியில்தான் நின்றுபோனாள். தெரியும், வரவில்லை.

அவள் கணவன் குகநேசன் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவன் குரல் தணிந்து வந்தது.

"முழிச்சுக்கொண்டு இராதையும். நீர் தெரியாமல் வாயை மூடுறேல்லை, தெரிஞ்சுகொண்டுதான் மூடுறனீர். 'கொஞ்சம் யோசிக்கிறன்' எண்டு நோர்வே மொழியிலை சொல்லும். அதுக்கு ஒருத்தரும் புள்ளி குறைக்கமாட்டினம்."

அவள் சொன்னாள். சொன்ன பிறகு மற்றதும் வந்தது.

"அமெரிக்காவுக்குப் போய் வந்த ஆசிரியர்மார் விரிவுரையைக் குறைச்சவை. ஒரு கொம்பனியின்ரை பிரச்சினையை மேசையிலை போட்டு, 'நீ முதலாளியெண்டால் என்ன செய்வாய்' எண்டு கேட்டவை. பெடியள் வாய் திறந்து கதைக்க வேண்டி வந்தது."

"பாத்தீரோ? அந்தக் கல்லூரி வளந்ததே கதைச்சுத்தான். நீர் மட்டும் அங்கை போய் ஊமையாய் இருக்கிறதோ? என்னை ஏசிப் பேசேக்கை களைக்காத வாய்!"

"உங்களைப் பேசாமல் வேறை ஆரைப் பேசிறது?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

"நான் போகேல்லையப்பா," என்றாள் திடீரென்று. "தனியப் போய் அவையளுக்கு முன்னாலை இருக்க என்னாலை ஏலாது."

"இனிப் போகேல்லை எண்டு அடம் பிடிப்பீர். எனக்குத் தெரியாதே? எழும்பும். முகத்தைக் கழுவும். கழுத்துத் துணியைச் சுத்திக்கொண்டு போம், வெளியிலை குளிர் எலும்பைக் கடிக்குது."

சன்னலுக்கு வெளியே பேர்ச் மரங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. பிள்ளைகள் அரைக் கைச் சட்டையோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"ஜூன் மாசத்திலையோ?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கொழுவியில் கிடந்த கம்பளித் துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"பயப்பிடாதையும். போயிட்டு வாரும்."

"ஓம். போயிட்டு வாறன்."

சிறிதேவி குனிந்து மேசையில் ஓடிக்கொண்டிருந்த கசெற் றெக்கோடரை நிறுத்தினாள். கோடைக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், ஜனவரிப் பனியில், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, அவள் பதில் சொல்லவும் தயங்கவும் அடம் பிடிக்கவும் அளவாக இடம் விட்டு விட்டு அவன் பேசிப் பதிவு செய்து வைத்த குரல் அது.