ஆலா குடிவந்த படகு

அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை முடிந்த காலையில் தேசிங்கு படகில் ஏறியதும் எஞ்சின் வாய் திறந்தது.

"முட்டை இருக்கு. குஞ்சு பறக்குற வரைக்கும் நான் கெளம்ப மாட்டேன்."

எட்டிப் பார்த்தான். படகின் மூக்கில் ஓர் ஆலாப் பறவை இரண்டு முட்டைகளின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பறவை முட்டையிட்டால் அந்த இடம் அதன் வீடு, சட்டம் அப்படி. கழிமுகத்தில் அத்தனை மணல்திட்டு இருக்க, இதற்கு இவன் படகுதானா கிடைத்தது?

கரையில் நின்ற அவன் மனைவி அஞ்சலாட்சி தலையிலடித்துக்கொண்டாள். "இன்னும் நாப்பது நாளா? ரெண்டு மாசமா அடுப்படியில நின்னு, உப்பு பத்தல புளி பத்தலன்னு என் உசுர எடுத்தது போதாதா?"

தேசிங்கு மறுபடி குனிந்து பார்த்தான். போன மாதம் அவன் கழுவி வைத்த படகு அது. இப்போது முட்டைகளுக்கு அடியில் யாரோ மணல் பரப்பி, சிப்பித் துண்டுகள் தூவியிருந்தார்கள். ஆலா மணல் சுமக்காது. அதுவும் இவ்வளவு நைசாகச் சலித்த மணல்!

அவன் வீடு திரும்பியபோது கொல்லையில் அஞ்சலாட்சியின் மாவுச் சல்லடை கிடந்தது. அதன் கண்களில் மணலும் சிப்பிப் பொடியும் அடைத்திருந்தன. அதைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

"வந்தாச்சா தொல்லை!" என்றபடி அஞ்சலாட்சி வெங்காயக் கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.